புல்வெளியில் ஏன் யாருமே இல்லை? – கோல்ஃப் படப்புத்தகங்களை முன்வைத்து

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ‘எனக்குப் பிடித்த புத்தகம்’ என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர் அண்ணலின் ‘சாதியை அழித்தொழித்தல்’ பற்றிப் பேசினார். அடுத்துப் பேசப்போகிறவர் கையில் சிங்காரவேலர் இருக்கிறார். நடுவில் நான் தூக்கிக்கொண்டு வந்திருப்பது உலகத்தின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானங்களைப் பற்றிய ஒரு படப்புத்தகம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் பல வருடம் இதை ஒளித்துத்தான் வைத்திருந்தேன். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. அட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை, அதனால் யார் எழுதியது என்று எனக்கே தெரியாது. ஆனால் என் வாழ்க்கையில் அதிக முறை புரட்டிய புத்தகம் எதுவென்று நேர்மையாகச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஏன் என்று சொல்வதற்கு என் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். நான் பிறந்தது ஒரு மலை ஊர். அங்கே வெள்ளைக்காரன் காலத்துக் கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. அப்பா அதில் முப்பது வருடம் பை தூக்கினார். ஆட வருகிறவரின் மட்டைகள் உள்ள பையைச் சுமந்து, பந்து போன இடத்தைப் பார்த்துவைத்து, எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்லும் அந்த வேலைக்காரருக்கு ஆங்கிலத்தில் ‘கேடி’ என்று பெயர். தமிழில் கேடி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ‘உங்க அப்பா என்ன வேலை?’ என்று வாத்தியார் கேட்டபோது, ‘கேடி சார்’ என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார்.

பை தூக்குகிறவர்கள் எல்லோரும் எங்கள் காலனியிலிருந்துதான் போனார்கள். புல் வெட்டுகிறவர்களும் அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அப்பாவின் எண் முப்பத்தொன்று. கொட்டகையில் அவர்களுக்குத் தனி டம்ளர். இதையெல்லாம் விரிவாகச் சொல்லப் போவதில்லை, உங்களில் பாதிப்பேர் வீட்டில் இதே கதை வேறு தொழிலின் பெயரில் இருக்கும்.

நான் கல்லூரி முதலாண்டு படிக்கும்போது இந்தப் புத்தகத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நான் பார்த்தது பச்சை, கடல், வானம், அவ்வளவுதான். அவர் ஒரு படத்தில் விரலை வைத்துச் சொன்னார்: “இங்க பந்து போட்டா நிக்காது. இடது பக்கம் உருண்டு மணல்ல விழுந்திடும்.” அடுத்த படத்தில், “இது காலையில வெட்டுன புல்லு. கோடு பாரு. ஒருதடவை அப்படிப் போய், ஒருதடவை இப்படி வந்திருக்கான். வெளுத்த கோடும் கருத்த கோடும் அதனாலதான்.” இன்னொன்றில், “பனியைத் துடைச்சுட்டுத்தான் போட்டோ பிடிச்சிருக்காங்க. மூங்கில் வச்சு அடிச்சிருப்பான்.” கடைசியாக, “எல்லாம் சரி, ஆளுங்க எங்கடா?” என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் இருபது வருடமாக இந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இந்த மாதிரிப் புத்தகங்கள் ஏன் உண்டாயின என்று பார்ப்போம். கால்பந்து மைதானங்களைப் பற்றிப் புத்தகம் போட்டால் அது பெரும்பாலும் கட்டடங்களைப் பற்றியது. கிரிக்கெட்டில் ஆடுகளம் 22 கெஜம், உலகம் முழுக்க ஒன்றுதான். கோல்ஃபில் அப்படி ஒரு அளவே கிடையாது. பந்து விழ வேண்டிய குழியின் விட்டம் மட்டும் 1891இலிருந்து நாலேகால் அங்குலம். மற்றதெல்லாம் அந்தந்த நிலம் கொடுப்பது. மேடு, பள்ளம், மணல், ஓடை, கடற்காற்று ஆகிய இவைதான் எதிராளி. அதனால் ஆடுகிறவர்கள் நிலத்தைப் பற்றிப் பேசாமல் ஆட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. திணை பிரித்து நிலத்தைப் பாடிய மொழிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

1910இல் பெர்னார்ட் டார்வின் பிரிட்டிஷ் தீவுகளின் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் பேரன்தான். அதற்கு ஹாரி ரவுன்ட்ரீ என்ற ஓவியர் நீர்வண்ணப் படங்கள் போட்டார். 1976இல் லண்டனில் ‘வேர்ல்டு அட்லஸ் ஆஃப் கோல்ஃப்’ வந்தது. ஒவ்வொரு மைதானத்தையும் பறவை பார்ப்பதுபோல வரைந்து காட்டிய பெரிய புத்தகம். அதே பதிப்பகம் அதற்குச் சில வருடம் முன்னால் ஒயினுக்கு ஒரு அட்லஸ் போட்டிருந்தது என்பதிலிருந்தே வாங்குகிறவர் யார் என்று ஊகிக்கலாம். அதற்குப் பிறகு வந்தவற்றுக்குக் கணக்கில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் புத்தகங்களை வாங்கும் கோல்ஃப் ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் இதில் உள்ள மைதானங்களில் கால் வைக்கவே முடியாது. கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட், ஜார்ஜியாவின் அகஸ்டா நேஷனல் எல்லாம் தனியார் கிளப்புகள். உறுப்பினர் அழைத்தால்தான் உள்ளே போகலாம். ஆக, காசுள்ளவனுக்கும் வாசலுக்கு வெளியே நிற்கும் அனுபவத்தைக் கொடுக்கிற புத்தகம் இது. அவன் அந்த ஏக்கத்தை ரசிக்கிறான். நமக்கு அது புதிதல்ல, அதனால் ரசிக்கத் தோன்றவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பிறகு தெரிந்துகொண்டேன். நடுப்பகல் வெயிலில் இந்த நிலத்தைப் படம் பிடித்தால் தட்டையாக, வெறும் பச்சைத் துணிபோல இருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும் அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் மட்டும்தான் நிழல் நீண்டு விழுந்து ஒவ்வொரு மேடும் பள்ளமும் எழும்பித் தெரியும். அதிகாலை என்பது ஆடுகிறவர்கள் வராத நேரம். ஆனால் தோழர்களே, அதிகாலையில் மைதானம் காலியாக இருக்காது. அப்பா போன்றவர்கள் அங்கே இருக்கிற நேரமே அதுதான். புல் வெட்டுகிறார்கள், பனி துடைக்கிறார்கள், மணல் வாருகிறார்கள், புதிய குழி தோண்டுகிறார்கள். படக்காரர் அவர்கள் நகரும்வரை காத்திருந்து பிடிக்கிறார். ரவுன்ட்ரீயின் பழைய ஓவியங்களை இணையத்தில் பார்த்தேன். அவற்றில் சின்னச் சின்னதாக மனித உருவங்கள் உண்டு, ஆடுகிறவரும் பை தூக்குகிறவரும் இருக்கிறார்கள். கேமரா வந்து, வண்ண அச்சு வந்து, அழகு கூடக் கூட, ஆட்கள் படத்திலிருந்து வெளியேறிவிட்டார்கள்.

இது வெறும் புகைப்படக்காரரின் பழக்கம் மட்டுமல்ல. மைதானம் கட்டும் கலையின் உள்ளேயே இது இருக்கிறது. அலிஸ்டர் மெக்கென்சி என்று ஒருவர் இருந்தார். சைப்ரஸ் பாயின்டையும், பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டாவையும் வடிவமைத்தவர். தொழிலால் மருத்துவர். தென்னாப்பிரிக்காவின் போயர் யுத்தத்தில் ராணுவ மருத்துவராகப் போனபோது, போயர்கள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்துவைத்ததைக் கவனித்தார். மைதானம் கட்டுவதற்கு அந்த மறைப்புக் கலையையே கொண்டுவந்தார். மனிதன் வெட்டியது எது, இயற்கையாக இருந்தது எது என்று பார்ப்பவனுக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கொள்கை. லட்சக்கணக்கான கூடை மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, யாரும் தொடாத நிலம்போலக் காட்டுவது. அவரைத் திறமை இல்லாதவர் என்று சொல்லமாட்டேன், மேதைதான். ஆனால் உழைப்பு தெரியாமல் இருப்பதே அழகு என்ற இலக்கணத்தை நாம் வேறு எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தெரு சுத்தமாக இருக்க வேண்டும், சுத்தம் செய்கிறவர் கண்ணில் படக் கூடாது. இங்கே அதற்கு இரண்டாயிரம் வருடச் சாஸ்திரம் இருக்கிறது. (மெக்கென்சிக்கே அகஸ்டாவில் பேசிய கூலி முழுதாக வந்துசேரவில்லை. முதல் போட்டி நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, 1934 ஜனவரியில் இறந்துபோனார். மறைக்கப்படுகிறவர்கள் வரிசை எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.)

அகஸ்டாவின் படங்கள் இந்தப் புத்தகத்தில் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பூவின் அல்லது மரத்தின் பெயர். பதின்மூன்றாவதுக்கு அசேலியா, ஐந்தாவதுக்கு மக்னோலியா. காரணம், அந்த நிலம் முன்பு பெரிய செடி நாற்றுப் பண்ணையாக இருந்தது. அதற்கும் முன்பு அவுரித் தோட்டம் என்கிறார்கள். கிளப்பின் வெள்ளை மாளிகை 1854இல் கட்டியது. ஜார்ஜியாவில் 1854 என்றால் மனிதர்களை விலைக்கு விற்ற காலம். பூக்களின் பெயர் நிலைத்துவிட்டது. அங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் 1982 வரை பை தூக்கியவர்கள் எல்லோரும் கறுப்பர்கள், வெள்ளை மேலங்கி அணிந்தவர்கள். ஆடுவதற்கு முதல் கறுப்பர் லீ எல்டர் நுழைந்தது 1975இல். கிளப்பின் முதல் கறுப்பு உறுப்பினர் 1990இல், முதல் பெண்கள் 2012இல். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம், உறுப்பினராக வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்று 1934இலிருந்து 1961 வரை தன் விதியிலேயே எழுதிவைத்திருந்தது. நம் ஊரில் இதை எழுதிவைக்கும் சிரமம்கூட யாருக்கும் இருந்ததில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். நான் சேர்ந்திருந்த அமைப்பின் தோழர் ஒருவர் என் அறையில் இதைப் பார்த்துவிட்டு, ‘முதலாளிகளின் விளையாட்டு மைதானம், இதில் என்ன ரசனை வேண்டிக்கிடக்கிறது?’ என்று கேட்டார். அவரிடம் அப்போது எனக்குப் பதில் இல்லை. இப்போது பாதிப் பதில் இருக்கிறது. அது இந்தப் புத்தகத்தின் முதல் மைதானத்திலேயே இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் உள்ள ‘ஓல்டு கோர்ஸ்’. உலகத்திலேயே புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம். படத்தைப் பாருங்கள், பெரிய அழகெல்லாம் இல்லை, கடலோரத்து மணல்மேடு, முரட்டுப் புல், 112 மணல் பள்ளங்கள். இந்த மாதிரி நிலத்துக்கு அங்கே ‘லிங்க்ஸ்’ என்று பெயர். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவில் கிடப்பது. ஏர் இறங்காது, விளையாது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும். மீனவர்கள் வலை காயப்போட்டார்கள், பெண்கள் துணி வெளுத்துக் காயப்போட்டார்கள். நாம் இதற்கு வைத்திருக்கும் பெயர் புறம்போக்கு. கேடிபோல அதையும் வசவாக்கி வைத்திருக்கிறோம். உலகத்தின் மிகப் பெரிய பணக்கார விளையாட்டு பிறந்த இடம் ஒரு ஊர்ப் புறம்போக்கு!

1552இல் அந்த ஊரின் பேராயர் எழுதிக் கொடுத்த சாசனத்தில், அந்த மணலில் ஆடு மாடு மேய்க்கவும் கோல்ஃப் ஆடவும் ஊர் மக்களுக்கு உள்ள உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. 1797இல் நகர மன்றம் கடனில் மூழ்கி, நிலத்தை முயல் வளர்க்கும் வியாபாரிகளிடம் போகவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஊருக்கும் வியாபாரிகளுக்கும் வழக்கும் சண்டையும் நடந்தன. 1821இல் கோல்ஃப் பிரியரான உள்ளூர் நிலக்கிழார் ஒருவர் வாங்கினார். 1894இல் நகரம் சட்டம் போட்டுத் திரும்ப வாங்கியது. இன்றைக்கும் அது பொதுச் சொத்து. மைதானத்தைப் பார்த்தபடி கம்பீரமாக நிற்கிறதே ராயல் அண்டு ஏன்ஷியன்ட் கிளப்பின் கட்டடம், அந்தக் கிளப் 2014 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. ஆனால் மைதானம் அந்தக் கிளப்புக்குச் சொந்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊரார் நாயைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குறுக்கே நடந்துபோகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. வேலி இல்லாத இடம்தான் எல்லோரையும்விடப் பெரிய மைதானம் என்றால், அழகுக்கும் வேலிக்கும் சம்பந்தமே இல்லை.

ஆனால் இங்கே அவசரப்பட்டு ‘ஆகா, பொது நிலம்’ என்று உருகிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ப் பொது நிலம் யாருக்குப் பொது? ஊர்க் கிணறு பொது, ஊர்க் குளம் பொது, மந்தைவெளி பொது. சேரிக்கு மட்டும் இல்லை. மகாத்தின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டது. ஆனால் 1927 மார்ச்சில் அண்ணல் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானம் காகிதம்தான், அதற்கும் அடி விழுந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்களுக்கு எதிராளி முயல் வியாபாரி மட்டுமே. நமக்கு எதிராளி ஊரேதான்.

இன்னொரு மைதானம், டர்பன் கன்ட்ரி கிளப். இதையும் இந்த வகைப் புத்தகங்களில் அடிக்கடி பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் இந்தியப் பெருங்கடலை ஒட்டிய மணல்குன்றுகளில் 1922இல் திறந்தது. மூன்றாவது குழியின் படம் அவ்வளவு அழகு. டர்பன் என்றதும் நமக்கு ஒரு உறவு உண்டு. 1860இலிருந்து சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகப் போன தமிழர்கள், தெலுங்கர்கள் இறங்கிய துறைமுகம் அது. வடக்கே கல்கத்தாவிலிருந்தும் போனார்கள். அப்படிப் போன இந்திய வம்சாவளியில் வந்தவர் பாப்வா செவ்கோலம். பை தூக்கும் பையனாகத் தொடங்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. மட்டையை எல்லோரும் பிடிக்கும் முறைக்கு நேர்மாறாக, கை மாற்றிப் பிடிப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 1959இல் நெதர்லாந்துக்குப் போய் டச்சு ஓப்பனை வென்றார். 1960இல் மறுபடியும், 1964இல் மூன்றாவது முறையும் வென்றார்.

1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடந்த நேட்டால் ஓப்பனில் வெள்ளையர்களைத் தோற்கடித்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. நிறவெறி ஆட்சியில் கிளப் கட்டடத்துக்குள் அவர் நுழையக் கூடாது. தோற்றவர்கள் உள்ளே இருந்தார்கள். வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. 1965இல் அதே போட்டியில் கேரி பிளேயரையே வென்றார். பிறகு அரசு அவரைப் போட்டிகளில் ஆடவிடாமல் தடுத்தது. 1978இல் வறுமையில் இறந்தார்.

என் புத்தகத்தில் டர்பனுக்கு ஆறு பக்கம். குரங்குகளைப் பற்றிக்கூட ஒரு வரி இருக்கிறது. பாப்வாவின் பெயர் இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்று நான் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர் பெயரையும் வருடத்தையும் எழுதினேன். அப்பாவிடம் கதையைச் சொன்னேன். அவர் பரிதாபப்படவில்லை. “கையை மாத்திப் புடிச்சா பந்து எப்படி நேரா போகும்?” என்று கேட்டுவிட்டு, வீட்டிலிருந்த கம்பை எடுத்து வாசலில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, “போகும். மணிக்கட்டு பூட்டிக்குது” என்றார்.

அந்தத் தோழருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த நிலத்தைப் பற்றிய அறிவு உறுப்பினர்களிடம் மட்டும் இருந்தது என்று நினைப்பதால்தான் ரசனையும் அவர்களுடையது என்று தோன்றுகிறது. தண்ணீர் எங்கே தேங்கும், காற்று எப்போது திரும்பும், எந்தச் சரிவு கண்ணை ஏமாற்றும் என்று அந்த மைதானத்தில் யாரைவிடவும் அதிகம் தெரிந்தவர் முப்பத்தொன்றாம் எண். பை தூக்கிய அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். அதே வழியில் வந்த பெங்களூரு முனியப்பா 2009இல் வென்றார். கல்கத்தாவில் மைதானம் பராமரித்தவரின் மகன் சௌரசியா 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார். இது அதிர்ஷ்டக் கதை அல்ல. அந்த மண்ணை யார் படித்திருந்தார்கள் என்பதன் கணக்கு. இதை நம்முடையதல்ல என்று நான் தூக்கிப் போட்டால், அப்பாவின் முப்பது வருடத்தையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறேன். அதே சமயம், கோல்ஃப் மைதானங்களுக்குப் போகும் தண்ணீரையும் நிலத்தையும் கேள்வி கேட்கிற போராட்டங்களில் நான் நிற்கிறேன், இனியும் நிற்பேன். இரண்டும் முரண் என்று நினைக்கிறவர்கள் கேள்வி நேரத்தில் கேளுங்கள், சண்டை போடலாம்.

கடைசியாக ஒரு படம். இது இந்தப் புத்தகத்தில் இல்லை, கைப்பேசியில் இருக்கிறது, பின்னால் உள்ளவர்கள் வாங்கிப் பாருங்கள். ஜானி மில்லர் என்ற புகைப்படக்காரர் 2016இலிருந்து தென்னாப்பிரிக்காவில் டிரோன் வைத்து மேலிருந்து எடுக்கும் படவரிசையில் ஒன்று. ஒரு பக்கம் கோல்ஃப் மைதானம், அதே வழுவழுப்பான பச்சை. ஒட்டினாற்போல ஒரு மெல்லிய வேலி. மறுபக்கம் நெருக்கியடித்த தகரக் குடிசைகள். இடம் டர்பன். மைதானத்தின் பெயர் பாப்வா செவ்கோலம் கோல்ஃப் கோர்ஸ். நிறவெறி ஆட்சி போன பிறகு அந்த மண்ணில் அவர் பெயர் நிற்கிறது, பக்கத்திலேயே அந்த வேலியும் நிற்கிறது.

இதை அப்பாவிடம் காட்டினேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் குடிசைகள் பக்கமே பார்த்தார். கூரைகளுக்கு நடுவே காயப்போட்ட துணியைக் காட்டி, “இந்தப் படத்துலதாண்டா ஆளுங்க இருக்காங்க” என்றார்.

புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். தேநீர் இடைவேளையில் புரட்டிப் பாருங்கள். சில பக்கங்களில் விரல் வைத்த கறை இருக்கும், அப்பா பந்து உருளும் என்று சொன்ன இடங்கள் அவை. பக்கத்தை மட்டும் மடக்காதீர்கள், அது அவருக்குப் பிடிக்காது.